எட்டாவது கேள்வியும் ஆறு போத்தல் ரோஸ் சிரப்பும்

நான் வாழ்க்கையில் யாரிடமும் சந்தேகம் கேட்டது கிடையாது. மூன்று வருடங்களுக்கு முன்புவரை இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கெலாங் பாத்தா பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளியில் விஷயம் இல்லை என்பது என் கருத்து. (வாத்தியாரின் கருத்து வேறு. அதை அவர் என் அப்பாவிடம் தனியாகச் சொன்னார்.) இன்று ஸ்கூடாயில் 'கெனப்பி மாணிக்கம்' என்று கேட்டுப் பாருங்கள். (கெனப்பி என்றால் விழாக் கூடாரம்.) கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவானாலும் கூடாரம், மேசை, நாற்காலி, மேடை எல்லாம் என்னுடையதுதான். மூன்று லாரி, இரண்டு ஸ்டோர். எல்லாம் நானே பார்த்து, நானே கற்று, நானே உண்டாக்கியவை. என் கூடாரம் எந்த மழைக்காற்றிலும் பறந்ததில்லை. என் மேடை எந்த மாப்பிள்ளையின் காலடியிலும் ஆடியதில்லை.

இப்படிப்பட்ட எனக்கு இப்போது வாரத்துக்கு ஒரு போனாவது வருகிறது.

"அங்கிள், எனக்கு நாப்பத்தெட்டு வயசு. இனிமே பரதம் கத்துக்கலாமா?"

"முட்டி வலி இருந்தா அரைமண்டி உட்காரலாமா?"

"சலங்கை எப்ப கட்டலாம்?"

நான் நடனம் கற்றவன் இல்லை. மேடையில் ஒரே ஒரு தடவைதான் அசைந்திருக்கிறேன், அதுவும் இரண்டு விநாடிகூட நீடிக்கவில்லை. இருந்தாலும் எல்லாருக்கும் பதில் சொல்கிறேன். ஆட்டத்துக்காகக் கொண்டையில் இன்னும் முதல் ஊசியே குத்தாத பெண்கள்கூட என்னிடம் ஏன் வருகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமானால், என் மானம் போன அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மனைவி பரமேஸ்வரிக்கு (எனக்குப் பரமு) அப்போது ஐம்பத்தாறு வயது. பத்து பாகாட் என்ற ஊரில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் மூன்று மாதம் பரதம் கற்றாளாம். நான்காவது அடவு வந்தபோது டீச்சர் கல்யாணமாகிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். ஊரில் வேறு டீச்சர் இல்லை. அதோடு நின்றது. எங்களுடைய முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. (நான் கேட்கவில்லை என்பாள். நான்தான் கேட்கிற ஆள் இல்லையே.)

ஒருநாள் காலையில் எனக்குத் தோசை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, தாமான் மண்டபத்துல ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு டான்ஸ் கிளாஸ் ஆரம்பிக்கிறாங்க. நான் பேர் குடுத்திருக்கேன்."

நான் சிரித்தேன். தோசை புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். அவள் தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? சனிக்கிழமை எனக்குக் காடி வேணும்."

காடி (கார்தான்) மட்டும் போகுமா? நானும் எங்கள் குடியிருப்பு மண்டபத்துக்குப் போனேன். முதல் நாள் பெற்றோர் கூட்டம் மாதிரி ஒரு கூட்டம். இங்கே பெற்றோருக்குப் பதில் புருஷன்மார்கள். டீச்சர் தர்ஷினிக்கு முப்பது வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். புதிதாகச் சேர்கிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்டுக் களைத்துப்போய், பன்னிரண்டு கேள்விகளையும் பதில்களையும் ஒரே தாளில் தமிழில் அச்சடித்து வைத்திருந்தார். எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். நான் அதை நாலாக மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தேன்.

ஆனாலும் கேள்விகள் வந்தன. ஆடுவதற்கு முன்னால் என்ன சாப்பிடலாம் என்று ஒரு பெண்மணி கேட்டார்.

"நாசி லெமாக் சாப்பிடுங்க. தெம்பா இருக்கும்" என்றேன் நான். (தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு.)

"ரெண்டு மணி நேரம் முன்னாடி லேசா ஏதாவது" என்று டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

பிறகு ஓய்வுபெற்ற நர்ஸ் மேரி கையைத் தூக்கினார். தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர், கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். "டீச்சர், மேடையில விழுந்துட்டா என்ன செய்யறது?"

"நிறுத்தக்கூடாது ஆன்ட்டி. எழுந்து அடுத்த தட்டுல சேர்ந்துக்கணும். முகத்துல மட்டும் காட்டாதீங்க. நீங்க காட்டினாதான் அது தப்புன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியும்."

மேரி இதைக் குறித்துக்கொண்டார். பரமுவும் குறித்துக்கொண்டாள். நான் கூரையில் ஒரு விளக்கு சரியாக மாட்டப்படாததைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பரமுவுக்கு வலது முட்டியில் தேய்மானம் உண்டு. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "ஆடலாம்மா. மரத்தரையில, மெதுவா. முழுசா உட்காராதீங்க, முட்டியைத் திருகாதீங்க. ஆனா விழக்கூடாது. ஒரு தடவை விழுந்தா அப்புறம் ஆட்டமும் இல்லை, மாடிப்படியும் இல்லை."

வகுப்பு நடந்த சின்னப் பின்னறை மரத்தரை. அவள் அங்கே ஒரு வருடம் ஆடினாள். சமையலறையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் பழைய பலகையைப் போட்டு, குழம்பு கொதிக்கும் நேரமெல்லாம் தட்டினாள். என் காலை நேரத் தூக்கம் 'தை தத் தை' என்ற சத்தத்தில் போனது. நான்காவது அடவு தாண்டியது. ஐந்து, ஆறு, ஏழு. ஒருநாள் நான் குளித்துவிட்டு வரும்போது கண்ணாடியின் முன்னால் நின்று கண்களை மட்டும் வலமும் இடமும் ஓட்டிக்கொண்டிருந்தாள். யாரைத் தேடுகிறாள் என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அலாரிப்பு என்றாள். கண்ணில் ஆரம்பிக்கும் ஆட்டமாம்.

டீச்சரிடம் படிக்கும் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து ஆண்டு விழா அறிவித்தார்கள். அன்று எங்கள் வகுப்பின் ஆறு பெண்களும் முதன்முறையாகச் சலங்கை கட்டி அலாரிப்பு ஆட வேண்டும். நான் எழுந்து நின்று, மேடை என் பொறுப்பு என்று அறிவித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

டீச்சர் மட்டும் வாசல்வரை வந்து, அதே தாளில் இன்னொன்றை என் பாக்கெட்டில் செருகினார். "ரொம்ப நன்றி அங்கிள். அந்தத் தாள்ல எட்டாவது கேள்வியை மட்டும் ஒரு தடவை படிச்சிடுங்க. அது மேடையைப் பத்தினது."

"டீச்சர், நான் முப்பது வருஷமா மேடை போடறேன். எனக்குத் தெரியாததா?"

"இல்ல அங்கிள், இருந்தாலும்..."

"நீங்க ஆட்டத்தைப் பாருங்கலா. மேடையை என்கிட்ட விடுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் பரமு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மேடை எப்படி வேணும்னாலும் இருக்கட்டும். என்னை விழ வைக்காம இருந்தா போதும்."

நான் அவளுக்கு வெறும் மேடையா போடுவேன்? கல்யாண மேடைகளில் என் பேர் எதற்கு என்றால் பளபளப்புக்கு. மணமக்களின் உருவம் தரையில் தலைகீழாகத் தெரிய வேண்டும். போட்டோக்காரர்கள் அதற்காகவே என் மேடையைக் கேட்பார்கள். பரமுவின் மேடைக்கு ஒன்றுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். மூன்றாவது பூச்சின்போது தூரிகையைத் துடைக்க ஏதாவது வேண்டியிருந்தது. பாக்கெட்டில் கைவிட்டேன். ஒரு தாள் வந்தது. நன்றாகத் துடைத்து, பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பலகையின் முதுகில் அப்படியே அப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

என்னிடம் பதினைந்து வருடமாக வேலை பார்க்கும் வாகிமான், ஜாவாக்காரர், அளந்து பேசுபவர். மண்டபத்தில் மேடையைப் பூட்டி முடித்ததும் ஒரு காலை அதன்மேல் வைத்து லேசாகத் தேய்த்துப் பார்த்தார்.

"போஸ், லிச்சின்." (வழுக்குது என்கிறார்.)

"லிச்சின் இல்ல. சந்தேக்." (அழகு என்கிறேன்.)

அவர் காலை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஒத்திகை, நான்கு மணிக்கு நிகழ்ச்சி. முன்வரிசையில் பரமு, அவள் பக்கத்தில் மேரி, பின்னால் நான்கு பேர். தர்ஷினி ஓரத்தில் உட்கார்ந்து தட்டுக்கழியால் கட்டையில் தட்டினார். முதல் தட்டு. இரண்டாம் தட்டு. மூன்றாம் தட்டில் மேரியின் இடது கால் மேரியை விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டது.

அவர் கைக்குக் கிடைத்தது பரமுவின் தோள். மேரியின் முழுக்கனமும் அந்தத் தோளில் இறங்கியது. பரமுவின் வலது முட்டி ஒரு பக்கமாக மடங்கி, எப்படியோ நின்றது. அவள் கத்தவில்லை. கண்ணை மட்டும் இறுக மூடினாள். அவள் மூடிய கண்ணைத் திறக்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்பது எனக்கு நினைவில்லை.

தர்ஷினி எழுந்து வந்து கால் பெருவிரலால் தரையில் ஒரு கோடு போட்டார். விரல் ஐஸ்கட்டியில் போவதுபோல் போனது.

"அங்கிள், எட்டாவது கேள்வி படிச்சீங்களா?"

"படிச்சேன் டீச்சர்."

"என்ன இருந்துச்சு அதுல?"

"எல்லாம் இருந்துச்சு."

பரமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "சின்னப் பிள்ளைங்களைக் கீழே மண்டபத் தரையில ஆட வச்சுக்கலாம். ஆன்ட்டிங்க முட்டிக்கு சிமெண்டுத் தரை ஆகாது. அவங்க ஐட்டத்தை எடுத்துடறேன். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷம் இந்த முட்டி இருக்குமான்னு தெரியாது டீச்சர்" என்றாள் பரமு. சாதாரணமாகத்தான் சொன்னாள், கடையில் தக்காளி இருக்குமா தெரியாது என்பதுபோல.

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன்.

முதலில் சிவப்புக் கம்பளத்தை எடுத்து வந்து விரித்தேன். "வேண்டாம் அங்கிள்" என்றார் டீச்சர். "கம்பளம் காலைப் பிடிச்சுக்கும். கால் திரும்பாது, முட்டிதான் திரும்பும்." கம்பளத்தைச் சுருட்டினேன். மணல்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்றால் மூன்று பூச்சையும் தேய்க்க மூன்று நாள் வேண்டும். கடைசியில் அவரே யோசித்துச் சொன்னார்: "தண்ணியில கொஞ்சம் இனிப்பு கலந்து துடைச்சா பிடிப்பு வரும்னு மேடைக்காரங்க சொல்வாங்க. ரொம்பக் கொஞ்சம்தான். ஒரு மூலையில செஞ்சு காட்டுங்க."

மண்டபத்துச் சமையலறையில் வருகிறவர்களுக்குக் கலக்க ஆறு போத்தல் ரோஸ் சிரப் இருந்தது. வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை ஊற்றி, மேடையின் பின் மூலையைத் துடைத்து, மின்விசிறியைத் திருப்பிக் காய வைத்தேன். டீச்சர் ஏறி நின்று தட்டினார். சறுக்கவில்லை. திரும்பினார். திரும்பியது.

"இதேதான் அங்கிள். இதே அளவுல மேடை முழுக்க."

பரமு என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். அவர்கள் எல்லாரும் அலங்காரத்துக்கு உள்ளே போனார்கள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கூடாரத்துக்கு ஒரு கயிறு போதும் என்றால் நான் இரண்டு கட்டுவேன். நாலு ஆணி என்றால் எட்டு அடிப்பேன். இந்தப் புத்தியால்தான் மூன்று லாரி வாங்கினேன். அரைக் கோப்பைக்கே இந்தப் பிடிப்பு என்றால், என் மனைவியின் முட்டிக்கு அரைக் கோப்பை போதுமா? வாளியைத் தள்ளிவிட்டேன். ஆறு போத்தலையும் திறந்து, தண்ணீர் சேர்க்காமல் ஊற்றி, தரை துடைக்கும் மாப்பால் இழுத்தேன். இடது பக்கத்தில் திரைக்குப் பின்னால் இரண்டு அடி அகலத்துக்கு மட்டும் போதவில்லை. அங்கே யார் நடக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வாகிமான் வாசலில் நின்று பார்த்தார். "போஸ். செமுட்." (எறும்பு.)

"எறும்புக்கு அழைப்பிதழ் அனுப்பல" என்றேன்.

மூன்று ஐம்பதுக்குக் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மேடையில் ஏறினேன். இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடியை நான் மட்டும்தான் வைத்தேன், சிலிப்பர் அங்கேயே நின்றுவிட்டது. அதைப் பிடுங்க இரண்டு கையும் தேவைப்பட்டது.

அந்த நிமிடத்தில் நான் செய்திருக்க வேண்டியதை இன்று ஸ்கூடாயில் எந்தக் குழந்தையும் சொல்லும். டீச்சரிடம் ஓட வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும், வெந்நீரால் துடைக்க வேண்டும். ஓடினேன். அலங்கார அறை வாசல்வரை ஓடினேன். உள்ளே டீச்சர் குனிந்து பரமுவின் காலில் சலங்கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பரமுவின் பாதங்களில் சிவப்புச் சாயம், நெற்றியில் சுட்டி, பச்சைப் பட்டு. எங்கள் கல்யாணத்தில்கூட அவள் இப்படி உட்கார்ந்திருக்கவில்லை. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துவிட்டாள்.

"தரை சரியாயிடுச்சாங்க?"

வாயைத் திறந்தேன். பின்னால் மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பும் சத்தம் கேட்டது.

"கல்லு மாதிரி நிக்கும்" என்றேன்.

(பொய் இல்லை என்பதைக் கவனிக்கவும்.)

அறிவிப்பாளர் என் மச்சான் நேசன், பரமுவின் தம்பி. அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் கிடைத்தால் தமிழ் அவர் வாயில் பட்டுவேட்டி கட்டிக்கொள்ளும். "அகவையை வென்ற ஆறு நாட்டியத் தாரகைகள்" என்று அழைத்தார். திரை விலகியது. நான் இடது பக்கத் திரைக்குப் பின்னால், என் வார்னிஷ் ஓரத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு பேரும் வந்து நின்றார்கள். இரண்டாவது அடியிலேயே பரமுவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முதுகு ஒரு கணம் விறைத்ததைப் பார்த்தேன். திரும்பிப் போகவும் முடியாது. டீச்சர் தாளத்தை எடுத்தார்.

அலாரிப்பு கண்ணில் ஆரம்பிக்கும் என்று சொன்னேன் அல்லவா? கண் வலது பக்கம் போகும், பிறகு இடது பக்கம் வரும். இடது பக்கத்தில் நான் இருந்தேன். வலது: புன்னகை. இடது: நான். அந்தப் பார்வையைக் குடும்பஸ்தர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வலது: புன்னகை. இடது: நான். தூணுக்குப் பின்னால் நகர்ந்து பார்த்தேன். அங்கேயும் வந்தது. டீச்சர் அந்தப் பகுதியை எத்தனை முறை வைத்திருந்தாரோ, அத்தனை முறையும் நான் தாளத்தோடு எரிந்தேன்.

பிறகு கால்கள் ஆரம்பித்தன.

'தை' என்று டீச்சர் சொன்னார். பாதங்கள் இறங்கின, சலங்கை ஒலித்தது. பாதங்கள் எழும்பின, 'ப்ச்' என்று இன்னொரு சத்தம் கேட்டது. ஆறு பெண்கள், பன்னிரண்டு பாதங்கள். என் மேடைக்கடியில் இருப்பது நல்ல வெற்றிடம், சத்தத்தை வாங்கி உருட்டி அனுப்பும். தை, ப்ச். தத், ப்ச். தை, ப்ச். முன்வரிசையில் யாரோ தரையைப் பார்க்க எட்டிக் குனிந்தார்கள்.

எனக்குச் சத்தம் முக்கியமில்லை. நான் பரமுவின் வலது முட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து ஒரு திருப்பம் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம் சமையலறையில் கேட்டிருக்கிறேன். உடம்பு பக்கவாட்டில் திரும்பும்போது பாதம் தரையில் சுழல வேண்டும். இந்தத் தரையில் பாதம் சுழலாது. 'கால் திரும்பாது, முட்டிதான் திரும்பும்' என்று டீச்சர் சொன்னது என் காதில் மறுபடி ஒலித்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. கத்திவிடலாமா என்று நினைத்தேன். கத்தினால் அவள் என் பக்கம் திரும்புவாள், அதே முட்டியில்.

டீச்சரின் தாளம் மெதுவானது. யாருக்கும் தெரியாத அளவுக்கு, காடி மேட்டில் ஏறும்போது வேகம் குறைவதுபோல. அவர் பரமுவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடைத்த அந்தச் சின்ன இடைவெளியில் பரமு பாதத்தை முழுசாகப் பிடுங்கி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அந்தரத்திலேயே திரும்பி, புது இடத்தில் நேராக வைத்தாள். ப்ச். முட்டி நேராக இருந்தது.

பின்வரிசை அவளைப் பார்த்தது. அடுத்த திருப்பத்தில் ஆறு பேரும் பாதத்தைப் பிடுங்கித் தூக்கித் திருப்பி வைத்தார்கள். மேரி தூக்கியபோது மேடை குலுங்கியது. ஆனால் நின்றது. (என் மேடை நிற்கும். அதில் மட்டும் எனக்கு எப்போதும் சந்தேகம் கிடையாது.) ஒவ்வொருவர் காலையும் சுற்றி எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மேரியின் கணுக்காலில் ஒன்று கடித்ததை நான் பார்த்தேன். அவர் முகத்தில் எதுவும் இல்லை, தேவாலயத்தில் அப்பம் வாங்க நிற்கும் முகம். முகத்தில் காட்டக்கூடாது என்று குறித்துக்கொண்டவர் ஆயிற்றே.

கடைசித் தட்டு விழுந்தது. ஆறு பேரும் நின்றார்கள். யாரும் விழவில்லை. நான் தூணில் சாய்ந்து அழுதேன் என்று என் மகள் சொல்வாள். வியர்வை அது.

பிறகு நமஸ்காரம். குனிந்து, தரையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தொட்டார்கள். கையைப் பிடுங்கினார்கள். ஒற்றிக்கொண்டார்கள். மை, சிரப், இமை எல்லாம் ஒன்றாகின. பரமுவின் இடது கண் மூடியது மூடியபடியே இருந்தது. வலது கண்ணால் என்னைப் பார்த்தாள். ஒரு கண் போதுமானதாக இருந்தது.

மண்டபம் எழுந்து கைதட்டியது. தரை முழுக்கச் சிவப்புப் பாதச் சுவடுகள் பூமாதிரிப் பதிந்திருந்தன. பாதத்துச் சாயத்தோடு சேர்த்துத் திட்டமிட்டுச் செய்த புதுமை என்று சபை நினைத்துக்கொண்டது.

நேசனின் கையில் இருந்த நிகழ்ச்சி நிரலில் அடுத்த வரி என்ன என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அதை எழுதச் சொன்னவனே நான்தான்.

"இத்துணை எழில்மிகு மேடையை அமைத்துத் தந்த கலைப் புரவலர், என் அருமை அத்தான் மாணிக்கம் அவர்களுக்குப் பொன்னாடை."

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பொன்னாடை வேண்டாம் என்றிருந்தது. கையால் இல்லை இல்லை என்று காட்டினேன். "அத்தானின் தன்னடக்கத்தைப் பாருங்கள்" என்றார் நேசன். சபை மறுபடி கைதட்டியது. டீச்சர் பொன்னாடையை விரித்துக்கொண்டு மேடையின் நடுவில் நின்றார். முகத்தில் எதுவும் காட்டவில்லை.

போக வேண்டியதாயிற்று. சிரப்பில் மாட்டக்கூடாது என்று நினைத்து, காலை உயரமாகத் தூக்கி, கம்பீரமாக முதல் அடி வைத்தேன். அது சிரப் போதாமல் நான் விட்டுவைத்த இரண்டு அடியில் விழுந்தது. மூன்று பூச்சு வார்னிஷ். என் சொந்தக் கையால் அடித்தது.

கால் போனது. நான் பின்தொடர்ந்தேன். வார்னிஷ் ஓரத்தில் ஒரு நொடியில் வேகமெடுத்து, சிரப் எல்லையைத் தொட்டதும் கால் அங்கேயே நிற்க, மீதி உடம்பு மட்டும் முன்னால் போய், நெடுஞ்சாண்கிடையாக, இரண்டு கையும் நீட்டியபடி, சரியாகப் பரமுவின் சலங்கைக் காலடியில் போய் விழுந்தேன். அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

முன்வரிசை மொத்தமும் எழுந்து எட்டிப் பார்த்தது.

"மனைவியின் கலைக்குத் தலைவணங்கும் மாமனிதர்" என்றார் நேசன் மைக்கில். கைதட்டல் கூரையைத் தூக்கியது. பின்வரிசையில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சில புருஷன்மார்களின் முகம் வாடியது.

பரமு ஒற்றைக் கண்ணோடு குனிந்து என் காதில் சொன்னாள்: "நிறுத்தக்கூடாதுங்க. எழுந்து அடுத்த தட்டுல சேர்ந்துக்கணும்."

அதற்குப் பிறகுதான் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தோசை எனக்குப் புரையேறிய அன்று நான் சிரித்ததைவிட அதிகம்.

கிளினிக்குக்கு அவள்தான் காடி ஓட்டினாள். பச்சைப் பட்டு, சலங்கை, கழுவிய கண். என் வலது முட்டி பப்பாளி அளவுக்கு வீங்கியிருந்தது. அதே டாக்டர். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரு ஆடினது?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில், போக்குவரத்து விளக்கில் காடி நின்றிருந்தபோது, நான் சொன்னேன்.

"பரமு, அந்தத் தாளை நான் படிக்கவே இல்லை."

"தெரியும்."

"எப்படி?"

"படிச்சிருந்தா அதுல என்னென்ன தப்புன்னு நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பீங்க."

சிவப்பு விளக்கு மாற நெடுநேரமானது. "உன் முட்டி?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் அவளைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று அவள் இன்றும் சாதிக்கிறாள்.

"நல்லா இருக்கு. திங்கட்கிழமை கிளாஸ் இருக்கு."

மேடையைக் கழற்றியபோது வாகிமான் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஒன்றும் பேசாமல் திருப்பிக் காட்டினார். பலகையின் முதுகில் அந்தத் தாள் வார்னிஷோடு காய்ந்து, கண்ணாடி போட்டதுபோல் ஒட்டியிருந்தது. ஒரு எழுத்துகூட அழியவில்லை. என் வார்னிஷின் தரம் அப்படி. எட்டாவது கேள்வி: மேடைத் தரை எப்படி இருக்க வேண்டும்? வெறும் மரத்தரை. வார்னிஷ், மெழுகு, கம்பளம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் தயவுசெய்து கேளுங்கள்.

பரமு அந்தத் துண்டை அளவாக அறுக்கச் சொல்லி, ஹாலில் மாட்டினாள். என் வீட்டில் தொங்கும் ஒரே சான்றிதழ் அதுதான். வருகிற உறவுக்காரர்களெல்லாம் அதன் முன் நின்று, அப்பா, அம்மாவின் காலில் விழுந்த கதையை மகளிடம் மறுபடி கேட்கிறார்கள். நான் எதற்காவது "எனக்குத் தெரியாததா" என்று ஆரம்பித்தால் போதும், வீட்டில் யாராவது ஒருவர் "எட்டு" என்பார். நான் உட்கார்ந்துவிடுவேன்.

மறு வருடம் டீச்சர் புதுத் தாள் அச்சடித்தார். அதில் பதின்மூன்று கேள்விகள். பதின்மூன்றாவது: டீச்சர் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் என்ன? பதில்: மாணிக்கம் அங்கிளைக் கேட்கவும். பக்கத்திலேயே என் போன் நம்பர்.

அதனால்தான் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஐம்பதில் ஆரம்பிக்கலாம். முட்டிக்கு மரத்தரை. ரெண்டு மணி நேரம் முன்னாடி லேசாக ஏதாவது. விழுந்தால் நிறுத்தாதீர்கள், இதை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்.

போன வாரம் பத்து பாகாட்டிலிருந்து ஒருவர் அழைத்தார். வெல்டிங் கடை வைத்திருக்கிறாராம், சொந்த உழைப்பாம். அவர் மனைவி ஆடப் போகிறார், என் நம்பர் டீச்சரின் தாளில் கிடைத்ததாம்.

"மேடையை நானே போட்டுடறேன் அண்ணே. எனக்குத் தெரியாத வேலையா? சும்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னுதான்."

நான் ஹாலில் தொங்கும் பலகையைப் பார்த்தேன். சமையலறையில் பரமு தட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது தெரிந்தது.

"தம்பி" என்றேன், "முதல்ல உங்க சட்டைப் பாக்கெட்ல இருக்கிற தாளை வெளியே எடுங்க."

அந்தப் பக்கம் தாள் பிரிகிற சத்தம் கேட்டது.